இன்று ராத்திரி அப்பா தூங்க வேண்டும்: கணையப் புற்றுநோயில் வலி, சாப்பாடு, கடைசி நாட்கள்

வாசகர் கேள்வி

என் அப்பாவுக்கு 64 வயது. ஐந்து மாதத்துக்கு முன் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. காமாலை என்று நினைத்து ஒரு மாதம் கீழாநெல்லியும் உப்பில்லாப் பத்தியமுமாக இருந்தார். பிறகு எடுத்த ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்றார்கள். பித்தக் குழாயில் அடைப்பைத் திறந்துவைக்க பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்து பத்து வாரம் ஆகிறது. இரண்டு தடவை கீமோ கொடுத்தார்கள், உடம்பு தாங்கவில்லை. "இனி கீமோ வேண்டாம், பேலியேட்டிவ் கேரில் (வலி நிவாரண ஆதரவு சிகிச்சை) காட்டுங்கள்" என்று சொல்லி, வலிக்கு மார்பின் 10 மி.கி. மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என எழுதிக் கொடுத்தார்கள். பழகிவிடும், சீக்கிரம் கொண்டுபோய்விடும் என்று அண்ணன் பயப்படுகிறார். அதனால் ராத்திரி தாங்க முடியாமல் அழும்போது மட்டும் ஒன்று கொடுக்கிறோம். சாப்பாடு இறங்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றலாமா? சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். என்ன நோய் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஹாஸ்பிஸில் (கடைசிக் காலப் பராமரிப்பு இல்லம்) சேர்த்தால் கைவிட்டதாக ஆகிவிடுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நிறைய கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் வருகிறேன். முதலில் இன்றைய ராத்திரியைச் சரிசெய்வோம். வலி அடங்காதவரை அப்பாவால் சாப்பிடவும் முடியாது, பேசவும் முடியாது. வீட்டில் யாராலும் எதையும் நிதானமாக முடிவெடுக்கவும் முடியாது.

கணையம் வயிற்றின் பின்பக்கம், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு. அதற்குப் பின்னாலேயே ஒரு பெரிய நரம்புப் பின்னல் இருக்கிறது. கட்டி அந்த நரம்புகளுக்குள் ஊடுருவும்போது மேல்வயிற்றில் தொடங்கும் வலி கச்சைபோலச் சுற்றி முதுகுக்குப் போகும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். உங்கள் அப்பா ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொள்கிறார் என்றால் காரணம் இதுதான். கட்டிலில் சாய்வாகப் படுக்க வையுங்கள், அல்லது முன்னால் ஒரு மேசை போட்டு அதன்மேல் இரண்டு தலையணை வைத்து அதில் சாயச் சொல்லுங்கள். இது மருந்துக்கு மாற்றாகாது. ஆனால் மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை தாக்குப்பிடிக்க உதவும்.

இப்போது மார்பின். சாதாரண மார்பின் மாத்திரை விழுங்கி அரைமணி நேரத்தில் கேட்க ஆரம்பிக்கும், ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும், நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நான்கு மணிக்கு ஒருமுறை என்று எழுதியிருப்பதற்குக் காரணம் அவ்வளவுதான். வலி உச்சத்துக்குப் போன பிறகு ஒரு மாத்திரை கொடுத்தால் அது வலியைத் துரத்திக்கொண்டே ஓடும், பிடிக்காது. அது பிடிக்கும் முன் அப்பா ஒரு மணி நேரம் துடித்திருப்பார். பிடித்த சில மணி நேரத்தில் மறுபடி தொடங்கும். லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்து மருந்து கொடுக்கும் முறையை உலகத்துக்குக் காட்டினார். இன்றும் புற்றுநோய் வலிக்கு அதுதான் அடிப்படை.

ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்தவுடனே முழு அளவையும் தொடங்கிவிடாதீர்கள். முதலில் மார்பின் எழுதிய மருத்துவருக்கு போன் செய்து, "நீங்கள் எழுதியபடி கொடுக்கவில்லை, ராத்திரி ஒன்று மட்டும்தான் கொடுத்தோம்" என்று உண்மையைச் சொல்லுங்கள். பல வீடுகளில் இதை மறைத்துவிடுகிறார்கள், அதில் ஆபத்து இருக்கிறது. ஒரு நாளைக்கு 60 மி.கி. உள்ளே போயும் வலி குறையவில்லை என்று நினைத்து மருத்துவர் அளவை 90 ஆக்கிவிடுவார். நாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் செவிலியர் அந்த 90-ஐ அப்படியே கொடுப்பார். 10 மி.கி. மட்டுமே பழகிய உடம்பு அதைத் தாங்காது. உண்மையைச் சொன்னால் மருத்துவர் 5 மி.கி.யிலோ 10 மி.கி.யிலோ தொடங்கச் சொல்லி, ஓரிரு நாளில் கூட்டிக்கொண்டு போவார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது மார்பினின் கழிவு உடம்பில் தேங்கும்.

மருத்துவர் சொன்ன அளவை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10. ராத்திரி 10 மணிக்கு மட்டும் இரண்டு மடங்காகக் கொடுத்தால் 2 மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. இதையும் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இடையில் வலி வந்தால், நாள் முழுவதும் கொடுக்கும் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுக்கலாம். அதாவது 60 மி.கி. ஓடுகிறது என்றால் கூடுதல் மாத்திரை 10 மி.கி. கூடுதலாக ஒன்று கொடுத்துவிட்டோமே என்று அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஒரு நோட்டில் நேரம், மாத்திரை, வலி பத்துக்கு எவ்வளவு என்று எழுதி வையுங்கள். ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் கூடுதல் மாத்திரை தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று அர்த்தம். அந்த நோட்டுதான் மருத்துவருக்கு எந்த ஸ்கேனையும்விட உதவும்.

அண்ணனின் பயத்துக்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் தடுக்கவில்லை. போதைக்குப் பழகியவர் வலி இல்லாதபோதும் மருந்தைத் தேடுவார், அதற்காக வாழ்க்கையைத் தொலைப்பார். புற்றுநோய் வலிக்காக நேரத்துக்கு மார்பின் சாப்பிடுபவர் தேடுவது வலியில்லாத சில மணி நேரத்தை. உடம்பு மார்பினுக்குப் பழகும் என்பது உண்மைதான். அதனால்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது என்கிறோம். நிறுத்தினால் வியர்வை, கொட்டாவி, வயிற்றுப்போக்கு, படபடப்பு வரும். இது போதைப் பழக்கம் ஆகாது. வலிக்கு ஏற்றபடி படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் மார்பின் ஆயுளைக் குறைப்பதும் இல்லை. மார்பின் கொடுத்த பிறகு சீக்கிரம் போய்விட்டார்கள் என்ற பேச்சு ஊரில் இருப்பதற்குக் காரணம், அதைக் கடைசி இரண்டு நாளில்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பதே.

முதல் மூன்று, நான்கு நாள் அப்பா நிறையத் தூங்குவார். பாதி மருந்தின் மயக்கம், பாதி பல வாரத் தூக்கக்கடன். தட்டி எழுப்பினால் எழுந்து பேசுகிறார் என்றால் பயப்பட வேண்டாம். முதல் ஒரு வாரம் குமட்டலாம், அதற்கு மாத்திரை உண்டு, முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். மலச்சிக்கல் மட்டும் பழகிச் சரியாகிவிடாது. மார்பின் தொடங்கும் அன்றே பைசகோடைல் என்ற மலமிளக்கி 5 மி.கி. இரண்டு மாத்திரை ராத்திரியில் தொடங்க வேண்டும், தினமும். இசப்கோல் வேண்டாம். அதற்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், குடிக்க முடியாதவர் குடலில் அது களிமண்ணாக இறுகிவிடும். மூன்று நாள் மலம் போகவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிற்றுவலி கூடிவிட்டது என்று மார்பினைக் கூட்டி, அதனால் சிக்கல் இன்னும் கூடி, ஒரு சுழலில் மாட்டிக்கொள்ளும் நோயாளிகள் பலர்.

உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டிய அறிகுறிகளும் உண்டு: கை கால் திடுக் திடுக்கென்று துள்ளுவது, இல்லாத ஆட்களையோ பூச்சிகளையோ பார்ப்பது, எழுப்பினாலும் எழாதது, மூச்சு நிமிடத்துக்கு 8-க்குக் கீழே போவது. கடிகாரம் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கடையில் வலிக்கு என்று டைக்ளோஃபினாக் வாங்கி இடையிடையே கொடுக்காதீர்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிறகு நேற்று வரை ஒத்துக்கொண்ட மார்பின் இன்று அதிகமாகிவிடும்.

விழுங்க முடியாத நிலை வந்தால் தோலில் ஒட்டும் பட்டைகள் இருக்கின்றன. ஃபென்டனில் பட்டையை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒட்டிய பிறகு நன்றாக வேலை செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், அதுவரை மாத்திரையை எப்படிக் குறைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. காய்ச்சல் வந்தாலும் மருந்து வேகமாக உள்ளே போகும்.

மார்பின் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதன்படி வாங்கி வைத்துக் கொடுக்கின்றன. தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய் வாங்குங்கள், மருந்துச்சீட்டின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். வீட்டில் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று, நான் சொன்ன அந்த நரம்புப் பின்னலை மரத்துப்போகச் செய்யும் ஊசி. முதுகு வழியாக சிடி ஸ்கேன் பார்த்தோ, எண்டோஸ்கோப்பி வழியாகவோ ஆல்கஹாலைச் செலுத்துவார்கள். பலருக்கு சில மாதங்கள் வலி நன்றாகக் குறையும், மார்பின் அளவும் குறையும். இதைக் கடைசி வழியாக ஒத்திப்போடுவது தவறு. உடம்பில் தெம்பு இருக்கும்போது, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் முன்பு, செய்தால்தான் பலன். ரத்தம் உறையும் தன்மையை முதலில் பார்ப்பார்கள், காமாலை வந்தவர்களுக்கு அது கெட்டிருக்கலாம். செய்தபின் ஓரிரு நாள் ரத்த அழுத்தம் குறையும், எழுந்தால் தலைசுற்றும், சில நாள் வயிறு இளகும். வலி விட்டுப்போன பிறகு பழைய அளவு மார்பினை அப்படியே கொடுத்தால் மயக்கம் அதிகமாகும். மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அடுத்தது ஸ்டென்ட். பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஏறக்குறைய மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும். உங்களுக்குப் பத்து வாரம் ஆகிவிட்டது. இந்த வாரமே அடுத்து என்ன என்று கேளுங்கள். அப்பா நடமாடுகிறார், இன்னும் சில மாதங்கள் இருக்கும் என்று மருத்துவர் கருதினால் உலோக ஸ்டென்ட் நல்லது, அது நீண்ட நாள் திறந்திருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் செலவுபற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்துக்குப் போவது, மலம் வெளிறுவது, அரிப்பு திரும்புவது எல்லாம் ஸ்டென்ட் அடைக்கிறது என்பதற்கான அடையாளம். இவற்றோடு குளிர் நடுக்கிக் காய்ச்சல் வந்தால் அது பித்தநாளத்தில் கிருமித் தொற்று. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. பேலியேட்டிவ் கேரில் இருப்பவருக்கு எதற்கு ஆன்டிபயாட்டிக், எதற்கு எண்டோஸ்கோப்பி என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். சரிசெய்தால் நன்றாக எழுந்து உட்காரக்கூடிய ஒருவரை அந்தக் காய்ச்சல் இரண்டு நாளில் கொண்டுபோய்விடும்.

கீழாநெல்லிபற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம். மஞ்சளைப் பார்த்தால் நம் ஊரில் எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். உங்கள் அப்பாவுக்கு வந்தது குழாய் அடைப்பால் வந்த காமாலை, எந்தக் கஷாயமும் அந்த அடைப்பைத் திறக்காது. மறுபடி மஞ்சள் வந்தால் பத்தியத்துக்குத் திரும்பாதீர்கள். உப்பும் எண்ணெயும் இல்லாத சோறு ஏற்கெனவே இளைத்த உடம்பை இன்னும் கரைக்கும். அரிப்புக்கு நகத்தை ஒட்ட வெட்டி, சோப்பைக் குறைத்து, குளிர்ந்த ஈரத்துணி போட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் உதவும்.

சாப்பாடு. இதில்தான் குடும்பங்கள் அதிகமாகத் துன்பப்படுகின்றன, ஏனென்றால் நம் வீட்டில் அன்பு சோறாகத்தான் பரிமாறப்படுகிறது.

அப்பாவின் மலம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெளிறி, எண்ணெய் மினுக்கத்தோடு, மிதந்துகொண்டு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல், நாற்றம் கடுமையாக இருந்தால், கணையத்தின் ஜீரணச் சுரப்பு குடலுக்கு வரவில்லை. கட்டி கணையத்தின் தலையில் என்பதால் அந்தச் சுரப்பின் வாயிலையும் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது எவ்வளவு விலையுயர்ந்த புரோட்டீன் பவுடர் கொடுத்தாலும் அது கழிப்பறைக்குத்தான் போகும். கணைய நொதி கேப்சூல் என்று கேளுங்கள். பொதுவாக 25,000 யூனிட் கேப்சூல் முழுச் சாப்பாட்டுக்கு இரண்டு: முதல் வாயோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று. பால், பிஸ்கட் போன்ற சிறு தீனிக்கு ஒன்று. சாப்பிட்டு முடித்த பிறகு போட்டால் பலன் இல்லை. சூடான காபியோடு விழுங்கினால் நொதி கெட்டுவிடும், குளிர்ந்த தண்ணீர்தான் சரி. விழுங்க முடியாவிட்டால் கேப்சூலைத் திறந்து மணிகளை மசித்த ஆப்பிளில் கலந்து, மெல்லாமல் விழுங்கச் சொல்லுங்கள். இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. சிலருக்கு மத நம்பிக்கையோ சைவப் பழக்கமோ இடிக்கும். மறைக்காமல் சொல்லுங்கள், முடிவு அவருடையது.

நொதி சேர்ந்தும் பசி முழுசாகத் திரும்பாது. இந்த நோய் உடம்பின் வேதியியலையே மாற்றிவிடுகிறது. அவர் சாப்பிடாததால் இளைக்கவில்லை, நோய் இளைக்க வைக்கிறது, அதனால்தான் சாப்பிடப் பிடிக்கவில்லை. இதை அம்மாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், தன் சமையலில்தான் குறை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். சின்னத் தட்டில் இரண்டு கரண்டி தயிர்சாதம், நொய்க்கஞ்சி, ரசம், அவித்த முட்டை, ஐஸ்கிரீம் என்று இரண்டு மணிக்கொருமுறை, அவர் விரும்பினால் மட்டும். காலையில்தான் பலருக்குப் பசி கொஞ்சம் இருக்கும், அப்போது நல்லதைக் கொடுங்கள். தாளிக்கும் வாசனை குமட்டினால் ஆறவைத்துக் கொடுங்கள். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவர் சொன்னால் காலையில் சில வாரம் கொடுத்தால் பசியும் தெம்பும் கூடும். சர்க்கரையையும் கூட்டும், மாலையில் கொடுத்தால் தூக்கத்தைக் கெடுக்கும்.

சர்க்கரைக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டிய காலம் இது. 110-லிருந்து 270 வரை இருந்தால் போதும். இனிப்பை மறுக்காதீர்கள். ஆனால் பழைய மாத்திரையை அப்படியே தொடர்வதில் ஆபத்து இருக்கிறது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்றவை சாப்பிடாத வயிற்றில் நள்ளிரவில் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். வியர்த்து, உளறி, எழாமல் கிடப்பதைப் பார்த்து மார்பின் மயக்கம் என்று தப்பாக நினைத்துவிடுவீர்கள். அப்படி ஒரு நிலை வந்தால் முதலில் விரலில் குத்தி சர்க்கரை பாருங்கள். மாத்திரை அளவை இந்த வாரமே மருத்துவரிடம் குறைக்கச் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் நீங்களாக நிறுத்தக் கூடாது.

வாந்தி இப்போது இல்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் இல்லை. காலையில் சாப்பிட்ட இட்லி மாலையில் அப்படியே நிறைய வெளியே வந்து, வந்தவுடன் வயிறு லேசானால், சிறுகுடலின் தொடக்கத்தைக் கட்டி அழுத்துகிறது. அங்கும் எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைக்கலாம். வைத்த பிறகு கீரைத்தண்டு, முருங்கைக்காய் சக்கை, ஆரஞ்சுச் சுளைத்தோல் போன்றவை வேண்டாம், அடைத்துக்கொள்ளும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டு, இந்த நோயில் அது சகஜம், உடனே காட்டுங்கள்.

குளுக்கோஸ் பாட்டில்பற்றிக் கேட்டீர்கள். ஒரு லிட்டர் 5 சதவீத குளுக்கோஸில் இருப்பது 50 கிராம் சர்க்கரை, சுமார் 200 கலோரி, நான்கைந்து இட்லி அளவு. அதற்காக நரம்பு தேடித் தேடிக் குத்துவதும், கையைக் கட்டிப்போட்டதுபோல் ஐந்தாறு மணி நேரம் கிடப்பதும் வீண். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் என்று தற்காலிகக் காரணத்தால் நீர் வற்றினால் ஏற்றலாம், பலன் தெரியும். நோயின் கடைசிக் கட்டத்தில் ஏற்றும் தண்ணீரை உடம்பு பயன்படுத்தாது. அது காலில் வீக்கமாக, வயிற்றில் நீராக, தொண்டையில் சளியாகத் தேங்கும்.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள் தனியாகத் தீர்மானிக்க வேண்டாம், அவரையே கேளுங்கள். "உடம்பு எப்படி இருக்குன்னு உங்களுக்கு என்ன தோணுதுப்பா? டாக்டர்கிட்ட பேசும்போது நீங்களும் கூட இருக்கணுமா, இல்ல நாங்களே பேசிக்கட்டுமா?" இந்த இரண்டு கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைவைத்து, அவர் கேட்கும் அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். "நீங்களே பாத்துக்கங்க" என்றால் அதுவும் ஒரு பதில்தான். கீமோ வார்டில் உட்கார்ந்து வந்தவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். உங்களைக் காப்பாற்ற அவரும், அவரைக் காப்பாற்ற நீங்களும் பேசாமல் இருந்தால், பார்க்க விரும்பும் தங்கை, கொடுக்க வேண்டிய கடன், பத்திரம், வங்கிக் கணக்கின் நாமினி எல்லாம் சொல்லப்படாமலே நின்றுபோகும்.

ஹாஸ்பிஸில் சேர்ப்பது கைவிடுவது ஆகாது. பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், சிகிச்சையோடு சேர்த்து ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் கேர் பெற்றவர்களின் மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேலாக இருந்தன. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகள் அவர்களுக்குக் குறைவாகவே நடந்தன. அப்படியும் மற்றவர்களைவிட அவர்கள் இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். அது வேறு நோய், அதே எண்ணிக்கையை உங்கள் அப்பாவுக்குப் பொருத்த மாட்டேன். வலி நிவாரணம் ஆயுளைக் குறைக்கும் என்ற பயத்துக்கு அது பதில்.

வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைச் செவிலியரைக் கேளுங்கள். அவர் வீட்டுக்கு வந்து புண் கட்டுவார், குழாய் பார்ப்பார். 104 மருத்துவ உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். எந்தக் குழுவிடம் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: உங்களிடம் மார்பின் இருப்பில் இருக்கிறதா, ராத்திரியில் யார் போனை எடுப்பார்கள், வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவீர்கள். வலி வீட்டில் அடங்காவிட்டாலோ, அம்மா களைத்துவிட்டாலோ, ஒரு வாரம் ஹாஸ்பிஸில் சேர்த்து அளவைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குத் திரும்பவும் செய்யலாம். அங்கே போனால் திரும்பி வருவதில்லை என்ற எண்ணம் தவறு.

கடைசி நாட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், தெரியாமல் பார்ப்பது இன்னும் பயங்கரம். நாளின் பெரும்பகுதி தூங்குவார், தண்ணீர்கூட வேண்டாம் என்பார், சிறுநீர் குறையும், கை கால் குளிர்ந்து திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு சில விநாடி நின்று நின்று வரும். விழுங்க முடியாதபோது மார்பினை நிறுத்திவிடக் கூடாது. தோலுக்கடியில் சின்ன பட்டாம்பூச்சி ஊசி ஒன்றைப் பொருத்திவைத்தால் அதன் வழியாகச் செவிலியரோ, கற்றுக்கொண்ட நீங்களோ கொடுக்கலாம். ஊசி அளவு மாத்திரை அளவைவிடக் குறைவு, மருத்துவர் கணக்கிட்டு எழுதித் தர வேண்டும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்பவருக்குத்தான் அது வேதனை, அவர் பெரும்பாலும் உணர்வதில்லை. ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள். உறிஞ்சு குழாய் வேண்டாம், குமட்டி எழுப்பிவிடும். ஹயோசின் ஊசி சளி சேர்வதைக் குறைக்கும். இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது படுக்கைப்புண்ணைத் தடுக்கும். கடைசி நாளில் முகம் சுளிக்காத அளவுக்குச் செய்தால் போதும்.

உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து வாயில் பால் ஊற்ற விரும்புவார்கள். வழக்கத்தைத் தடுக்க வேண்டாம். கரண்டியில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறும். சுத்தமான துணியையோ பஞ்சையோ பாலில் நனைத்து உதட்டைத் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். பாலை வாங்கிக்கொண்டார் என்ற நிம்மதி அவர்களுக்கும் கிடைக்கும்.

மூச்சு மாறியவுடன் பதற்றத்தில் யாராவது 108-ஐக் கூப்பிட்டால், பிறகு நடப்பது ஐசியுவும் வென்டிலேட்டரும்தான், உங்களால் நிறுத்துவது கடினம். அதனால் அப்பா தெளிவாகப் பேசும்போதே அவருடைய விருப்பத்தைக் கேட்டுவைப்பது நல்லது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் இப்படிப்பட்ட முன்விருப்ப ஆவணத்தை அங்கீகரித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். அதுவரை போக விருப்பமில்லை என்றால், பேலியேட்டிவ் மருத்துவரின் கடிதம் ஒன்றும், அண்ணனும் நீங்களும் ஒரே பேச்சாக இருப்பதும் வேண்டும்.

வீட்டில் உயிர் பிரிந்தால் அது மருத்துவ அவசரநிலை அல்ல. கூடவே இருந்து பாருங்கள், அவசரப்பட வேண்டியதில்லை. கடைசியாகப் பார்த்துவந்த மருத்துவர் படிவம் 4ஏ-வில் மரணக் காரணத்தை எழுதித் தருவார். அதைவைத்து 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. சான்றிதழில் பல நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள், வங்கிக்கும் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள். மீதமுள்ள மார்பின் மாத்திரைகளையும் பட்டைகளையும் எண்ணி, வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.